ஈஸ்ட் செல்லின் டிஇஎம் படத்தில் உள்ளே ஒன்றுமே பிரிந்து தெரியவில்லை. எதை மாற்றலாம்?

நிலா_நுண்ணுயிரி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இறுதியாண்டு திட்டத்துக்காக ரொட்டி ஈஸ்ட்டை, அதாவது சக்கரோமைசிஸ் செரிவிசியேவை, டிஇஎம்மில் (ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) பார்க்கிறோம். செய்முறை இதுதான்: செல்லை நிலைநிறுத்த 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் இரவு முழுக்க குளிரில் வைத்தோம். பஃபரில் கழுவி 1 சதவீத ஆஸ்மியம் டெட்ராக்சைடில் 1 மணி நேரம். பிறகு எத்தனால் வரிசை, எப்பான் ரெசின், 70 நானோமீட்டர் தடிமனில் மெல்லியதாக வெட்டிய செக்‌ஷன், சாயமாக யுரேனைல் அசிடேட், லெட் சிட்ரேட்.

படத்தில் செல்லைச் சுற்றி வெள்ளை வளையமாகச் சுவர் தெரிகிறது. உள்ளே முழுக்க ஒரே கருஞ்சாம்பல். உட்கரு எங்கே முடிகிறது, சைட்டோபிளாசம் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியவில்லை. சில செல்கள் ரெசினிலிருந்து கழன்று விழுந்து வெறும் ஓட்டையாக இருக்கின்றன. இதே செய்முறையில் எலியின் கல்லீரல் செய்த தோழிக்குப் படம் அருமையாக வந்திருக்கிறது. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, வாக்குவோல் (செல்லுக்குள் இருக்கும் பெரிய பை) மூன்றையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்கிறார் வழிகாட்டி. எங்கிருந்து தொடங்குவது?

கண்ணாடிக்கத்தி

எலிக் கல்லீரலுக்கு எழுதின செய்முறை அதுக்குத்தான் சரி. ஈஸ்ட்டுக்கு அப்படியே ஒத்துவராது. நீங்க சொல்ற ரெண்டு குறையும் தனித்தனி காரணத்தால வருதும்மா. சேர்த்து யோசிக்காதீங்க.

முதல்ல ஓட்டை. ஈஸ்ட் செல்லோட சுவர் 100 முதல் 200 நானோமீட்டர் தடிமன். குளூக்கன், மேனோபுரோட்டீன், கொஞ்சம் கைட்டின். விலங்குச் செல்லுக்கு இது கிடையாது. எப்பான் கெட்டியான ரெசின், இந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போக ரொம்ப நேரம் எடுக்கும். நீங்க அடுப்பில் வெச்சு இறுக்கும்போது செல்லுக்கு வெளியே ரெசின் நல்லா இறுகியிருக்கும், உள்ளே அரைகுறையா இருக்கும். கத்தி படும்போது செல் மட்டும் கழன்று தண்ணியோட போயிடும். இதுக்கு ஸ்பர் ரெசின் எடுங்க. 1969-ல வந்தது, பாகு குறைவு. எத்தனாலோட ரெசினைக் கலக்கும் விகிதத்தையும் மெதுவா ஏத்துங்க: கால் பங்கு, பாதி, முக்கால், அப்புறம் முழு ரெசின். ஒவ்வொண்ணுலயும் சில மணி நேரமாவது சுழலியில் சுத்தட்டும். முழு ரெசினை மட்டும் ரெண்டு மூணு தடவை மாத்தி, இரவு முழுக்க விடுங்க. இந்த இடத்துல அவசரப்பட்டா பின்னால எந்தச் சாயமும் காப்பாத்தாது.

அடுத்தது கருமை. வளர்ந்துகிட்டு இருக்கிற ஈஸ்ட்டோட சைட்டோபிளாசம் பூராவும் ரைபோசோம். ஆஸ்மியம், யுரேனியம், ஈயம் மூணையும் அடுக்கடுக்கா போட்டா ரைபோசோம் எல்லாம் கறுத்து, சவ்வு அதுக்குள்ள மறைஞ்சிடும். சவ்வு அங்கதான் இருக்கு. பின்னணியும் அதே கருமையா இருக்கிறதால கண்ணுக்குப் பிரியலை.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆஸ்மியத்துக்குப் பதிலா பொட்டாசியம் பெர்மாங்கனேட், 2 முதல் 4 சதவீதம். ரைபோசோமை அது அரிச்சு எடுத்துடும். வெளுத்த பின்னணியில சவ்வெல்லாம் கோடு போட்ட மாதிரி நிக்கும். இன்னொண்ணு, குளூட்டரால்டிஹைடு முடிஞ்ச பிறகு 1 சதவீத சோடியம் மெட்டாபெரியோடேட்டில் கொஞ்ச நேரம் வெச்சுட்டு ஆஸ்மியத்துக்குப் போறது. சுவரோட சர்க்கரையை அது கொஞ்சம் ஆக்ஸிஜனேற்றி, ஆஸ்மியமும் ரெசினும் நுழைய வழி விடும்.

மேகலை

கண்ணாடிக்கத்தி ஐயா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நிலா, பெர்மாங்கனேட் எடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் படம் பார்க்க அவ்வளவு தெளிவாக இருக்கும், அதை முழுச் செல் என்று நம்பிவிடத் தோன்றும். ரைபோசோம் போய்விடும் என்று ஐயா சொன்னார். நுண்குழல்களும் போய்விடும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோல், ஆக்டின் இழை என எதுவும் மிஞ்சாது. உங்களுக்கு உட்கரு உறை, மைட்டோகாண்ட்ரியா, வாக்குவோல் சவ்வு மட்டும் போதும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. செல் பிரிதலைப் பார்க்க வேண்டுமென்றால் இதைத் தொடக் கூடாது.

1970-களில் பிரெக் பையர்ஸும் லொரெட்டா கோட்ஷும் சியாட்டிலில் செய்த வேலையைத் தேடிப் படியுங்கள். முதலில் குளூட்டரால்டிஹைடில் செல்லை நிலைநிறுத்தினார்கள். அதன் பிறகு நத்தையின் குடலிலிருந்து எடுத்த நொதியால் சுவரைக் கரைத்தார்கள். கடைசியில் ஆஸ்மியம். இந்த வரிசை முக்கியம். உயிரோடு இருக்கும் செல்லின் சுவரைக் கரைத்தால் செல் பதறும், உள்ளே எல்லாம் இடம் மாறும். நிலைநிறுத்திய பிறகு கரைத்தால் சுவர் மட்டும்தான் போகும்.

அப்படிச் செய்ததால் அவர்களுக்குக் கதிர்க்கோலின் முனையில் உள்ள தட்டு அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒற்றைமய (ஒரே ஒரு குரோமோசோம் தொகுதி உள்ள) ஈஸ்ட்டில் அதன் அகலம் சுமார் 100 நானோமீட்டர்தான், அது உட்கரு உறையிலேயே பதிந்திருக்கிறது. ஈஸ்ட் பிரியும்போது உட்கரு உறை கலைவதில்லை. கதிர்க்கோல் முழுக்க உறைக்கு உள்ளேயே உருவாகிறது. அந்தத் தட்டு எப்போது இரட்டிக்கிறது, மொட்டு எப்போது கிளம்புகிறது என்று இரண்டையும் பொருத்தி 1975-ல் எழுதினார்கள். செல் சுழற்சி படிக்கிற எவரும் இன்றும் அந்தப் படங்களில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஒளிர்பச்சை

கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்டுவிடுகிறேன். ஈஸ்ட்டில் 2003-லேயே 4,000-க்கும் அதிகமான புரதங்களுக்குப் பச்சை ஒளிர் புரதம் மாட்டி, எது எங்கே இருக்கிறது என்று பட்டியலே போட்டுவிட்டார்கள். உயிரோடு இருக்கும் செல், நிறத்தோடு, நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதைப் பார்க்கலாம். இங்கே செல்லைக் கொன்று, நீரை எடுத்து, பிளாஸ்டிக்கில் புதைத்து, உலோக உப்பால் கறுப்பாக்கி ஒரு துண்டைப் பார்க்கிறோம். ஒரு எம்.எஸ்சி. மாணவியின் ஓராண்டை இதில் செலவழிக்க வேண்டுமா? வாக்குவோல் சவ்வுக்கு ஒரு சாயம், மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு சாயம், மதியத்துக்குள் முடிந்துவிடும்.

மேகலை

நியாயமான கேள்வி. நானும் வாரத்தில் பாதி நாள் ஒளிர் நுண்ணோக்கியில்தான் இருக்கிறேன்.

ஒளிர் நுண்ணோக்கி நீங்கள் விளக்கு மாட்டிய பொருளை மட்டும் காட்டும். யாரும் விளக்கு மாட்டாத பொருள் அங்கே இருந்தாலும் தெரியாது. பையர்ஸும் கோட்ஷும் 1976-ல் தாய்ச்செல்லுக்கும் மொட்டுக்கும் நடுவில் உள்ள கழுத்தில், சவ்வை ஒட்டி 10 நானோமீட்டர் இழைகள் வளையமாகச் சுற்றியிருப்பதைப் பார்த்தார்கள். எந்தப் புரதம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. செல் சுழற்சியை ஆராய்ந்த ஹார்ட்வெல் குழு கண்டெடுத்த சிடிசி3, சிடிசி10, சிடிசி11, சிடிசி12 என்ற மியூட்டன்ட்களில் (ஒரு மரபணு பழுதான ஈஸ்ட்களில்) அந்த வளையம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. 1987-லிருந்து எதிர்ப்பொருள் வைத்துப் பார்த்தபோது அந்த மரபணுக்களின் புரதங்கள் அதே கழுத்தில் ஒளிர்ந்தன. இன்று செப்டின் என்கிறோம். மனிதச் செல்லிலும் இருக்கிறது. விளக்கு மாட்ட வேண்டிய இடம் இது என்று காட்டிக் கொடுத்தது எலக்ட்ரான் நுண்ணோக்கிதான்.

இன்னொன்று, அளவு. சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லை சுமார் 200 நானோமீட்டர். 1979-ல் பீட்டர் நோவிக்கும் ராண்டி ஷெக்மனும் செக்1 மியூட்டன்ட்டை 37 டிகிரியில் வைத்தபோது சுரப்பு நின்றது. ஏன் நின்றது என்பதற்கு விடை செக்‌ஷனில் இருந்தது: 100 நானோமீட்டருக்கும் குறைவான குமிழ்கள் செல் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. சரக்கு கிளம்பியிருக்கிறது, செல் சவ்வோடு சேர வழியில்லை. 1980-ல் 23 மரபணுக்களாக அந்தப் பட்டியல் விரிந்தது. சிலவற்றில் குமிழ்கள் தேங்கின, சிலவற்றில் எண்டோபிளாச வலை புடைத்தது. எந்த உறுப்பு புடைக்கிறது என்பதை வைத்தே சுரப்புப் பாதையின் வரிசையைப் பிடித்தார்கள். 2013-ல் ஷெக்மனுக்கு நோபல்.

பாலா_வாசகன்

நான் இந்தத் துறை இல்லை, வங்கியில் வேலை. இந்த இழையை விடாமல் படிக்கிறேன். ஒரு சந்தேகம். ஜப்பானின் ஓசுமிக்கு 2016-ல் நோபல் கொடுத்தபோது, அவர் சாதாரண நுண்ணோக்கியில் ஈஸ்ட்டைப் பார்த்தே கண்டுபிடித்தார் என்று படித்தேன். அப்படியானால் அது ஒளிர்பச்சை சொல்வதற்குச் சாதகம்தானே?

தாவர_வாத்தியார்

பாலா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அந்தக் கதையில் இரண்டு நுண்ணோக்கிகளுக்கும் பங்கு உண்டு. இரண்டாவது பாதியைப் பத்திரிகைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

யோஷினோரி ஓசுமி 1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தன் சொந்த ஆய்வகத்தைத் தொடங்கினார். ஈஸ்ட்டின் வாக்குவோல் அவருடைய பழைய பொருள். அதற்குள் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் இருப்பது தெரியும். சிதைவது அவ்வளவு வேகமாக நடப்பதால், உள்ளே என்ன வந்து சேர்கிறது என்று பார்க்க வழியில்லை. அந்த நொதிகள் வேலை செய்யாத மியூட்டன்ட்டை எடுத்தார், நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் பட்டினி போட்டார். வாக்குவோலுக்குள் போனது சிதையாமல் தேங்க வேண்டும் என்பது கணக்கு. 30, 40 நிமிடங்களில் சிறு உருண்டைகள் தோன்றி உள்ளே துள்ளின. சில மணி நேரத்தில் வாக்குவோல் முழுவதையும் நிரப்பின. இதுவரைக்கும் ஒளி நுண்ணோக்கி.

அந்த உருண்டை என்ன? கொழுப்புத் துளியா, படிகமா, வாக்குவோல் சவ்வே உள்ளே மடிந்ததா? துள்ளுகிறது என்பதைத் தவிர ஒளி நுண்ணோக்கி எதுவும் சொல்லாது. மிசுசு பாபா என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கி அறிஞர் அதே செல்களை நொடியில் உறையவைத்து, பனியைக் குளிரிலேயே கரைப்பானால் மாற்றி, செக்‌ஷன் எடுத்தார். ஒவ்வோர் உருண்டையும் ஒற்றைச் சவ்வால் மூடிய பை. பைக்குள் ரைபோசோம், சில பைகளில் மைட்டோகாண்ட்ரியா. சைட்டோபிளாசத்தை அப்படியே அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. பின்னால், 1994-ல், வாக்குவோலுக்கு வெளியே இரட்டைச் சவ்வுப் பைகளும் கிடைத்தன. வெளிச்சவ்வு வாக்குவோல் சவ்வோடு இணைகிறது, உட்சவ்வு சரக்கோடு உள்ளே விழுகிறது என்று வரிசை பிடிபட்டது. விலங்குச் செல்லில் ஏற்கனவே பெயரிட்டிருந்த ஆட்டோஃபேஜிதான் (செல் தன் பாகங்களைத் தானே செரிப்பது) இது என்று 1992-லேயே துணிந்து எழுத முடிந்தது, பைக்குள் இருந்ததைக் காட்டிய முதல் படங்களால்தான். 1993-ல் மியூட்டன்ட் வேட்டை, 15 மரபணுக்கள்.

ஆக, பார்த்தது ஒளி நுண்ணோக்கி. என்னவென்று அடையாளம் சொன்னது எலக்ட்ரான் நுண்ணோக்கி. பாபாவின் பெயரை மாணவர்களிடம் நான் விடாமல் சொல்வேன். மாதிரியைத் தயாரிக்கும் கைக்கு அறிவியலில் உரிய இடம் கிடைப்பது அரிது.

ஒளிர்பச்சை

ஏற்றுக்கொள்கிறேன், அருமையான விளக்கம் சார். ஆனாலும் ஒரு கவலை மீதி இருக்கிறது. பாக்டீரியாவில் மீசோசோம் என்று பாடப்புத்தகத்திலேயே ஓர் உறுப்பு இருந்தது. சவ்வு உள்ளே மடிந்து சுருள் சுருளாக இருக்கும், சுவாசத்துக்கு என்று எழுதியிருந்தார்கள். உறையவைத்துப் பார்த்தபோது அது இல்லை. வேதிப் பொருளில் நிலைநிறுத்தும்போது சவ்வு கலைந்து உண்டான தோற்றம். ஈஸ்ட்டில் நாம் பார்ப்பதும் அப்படி இல்லை என்று எப்படிச் சொல்வது?

மேகலை

ஒரே ஒரு முறையில் மட்டும் தெரிவதை நம்பக் கூடாது. வேறு வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வந்தால் நம்பலாம்.

ஈஸ்ட்டுக்கு இந்தச் சோதனை சீக்கிரமே நடந்துவிட்டது. சூரிக்கில் ஹான்ஸ் மூரும் மூலெதாலரும் 1963-ல் ஈஸ்ட்டை உறையவைத்து, உடைத்து, உடைந்த முகத்தின் மேல் உலோகமும் கார்பனும் படியவைத்து, அந்தப் படிவைப் பார்த்தார்கள். குளூட்டரால்டிஹைடும் இல்லை, ஆஸ்மியமும் இல்லை. உட்கரு உறையில் துளைகள் இருந்தன. செல் சவ்வில் நீளமான பள்ளங்கள் இருந்தன. வாக்குவோலும் மைட்டோகாண்ட்ரியாவும் இருந்தன. செக்‌ஷனில் பார்த்தவை வேறொரு பாதையில் உறுதியாகின.

உயர் அழுத்த உறைவித்தலுக்கு வித்திட்டதும் மூர்தான். சுமார் 2,100 பார் அழுத்தத்தில் உறையவைத்தால் நீர் படிகமாக நேரம் இருக்காது. 200 மைக்ரான் தடிமன் வரை நல்ல உறைவு கிடைக்கும். ஈஸ்ட் 5 முதல் 10 மைக்ரான்தான், அதனால் அடர்ந்த கூழாகவே வைக்கலாம். பிறகு மைனஸ் 90 டிகிரியில் அசிட்டோனும் ஆஸ்மியமும், மெல்ல மெல்ல வெப்பநிலை ஏற்றம். இப்படிச் செய்த செல்லில் சவ்வுகள் வழுவழுப்பாக, இழுத்துக் கட்டியதுபோல் இருக்கும். குளூட்டரால்டிஹைடில் செய்ததில் அதே சவ்வு நெளிந்து கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால், எந்த நெளிவை நம்பலாம் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போய், சாயமே இல்லாமல் கண்ணாடிப் பனியில் உறைந்த செல்லை அயனிக் கற்றையால் 200 நானோமீட்டருக்கும் மெல்லிய தகடாகச் செதுக்கி, சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து முப்பரிமாணமாக்குகிறார்கள். அந்தப் பனிக்கு வழிகாட்டிய டுபோஷேக்கு 2017-ல் நோபல். ஆனால் அதற்கான கருவி எல்லா ஊரிலும் இல்லை. நிலாவுக்கு இப்போது அது வேண்டியதும் இல்லை.

நிலா_நுண்ணுயிரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இன்னொரு கேள்வி. செக்‌ஷனில் தெரியும் மைட்டோகாண்ட்ரியாவை எண்ணி, ஒரு செல்லுக்கு எத்தனை என்று அட்டவணை போடச் சொல்கிறார்கள். அது சரியா?

தாவர_வாத்தியார்

வேண்டாம் அம்மா. காரணத்தையும் உங்கள் வழிகாட்டியிடம் பணிவாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

5 மைக்ரான் செல்லை 70 நானோமீட்டராக வெட்டினால் எழுபது துண்டு வரும். நீங்கள் பார்ப்பது அதில் ஒன்று. 1973-ல் ஹாஃப்மனும் ஏவர்ஸும் ஈஸ்ட் செல்லைத் தொடர்ச்சியாக வெட்டி, ஒரு துண்டும் விடாமல் அடுக்கி, மாதிரி செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் தனித்தனி வட்டமாகத் தெரிந்த மைட்டோகாண்ட்ரியாக்கள் எல்லாம் கிளைவிட்ட ஒரே பெரிய மைட்டோகாண்ட்ரியனின் வெட்டுமுகங்கள். மரத்தின் கிளைகளைக் குறுக்கே அறுத்துவிட்டு, வெட்டுமுகங்களை எண்ணி இத்தனை மரம் என்று சொன்ன கதையாகிவிடும். பின்னால் வந்தவர்கள் எண்ணிக்கை எப்போதும் ஒன்று அல்ல, வளரும் நிலையைப் பொறுத்து மாறுகிறது என்று காட்டினார்கள். அதையும் தொடர் செக்‌ஷனில்தான் காட்ட முடிந்தது.

எண்ணிக்கைக்குப் பதிலாகப் பரப்பு விகிதம் எடுங்கள். பல செல்களின் பல செக்‌ஷனில், செல்லின் பரப்பில் எத்தனை சதவீதம் மைட்டோகாண்ட்ரியா என்று அளந்தால், அது கன அளவு விகிதத்துக்குச் சமமாக வரும். செக்‌ஷன் தற்செயலாக அமைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கூடவே ஊடகத்தையும் பாருங்கள். குளுக்கோஸ் நிறைந்த ஊடகத்தில் ஈஸ்ட் நொதித்தலிலேயே காலம் ஓட்டும், மைட்டோகாண்ட்ரியா மெலிந்து கிடக்கும். கிளிசரால் ஊடகத்தில் வளர்த்தால் சுவாசித்தே ஆக வேண்டும். மைட்டோகாண்ட்ரியா கொழுத்து, உள்மடிப்புகளோடு தெரியும். இரண்டையும் ஒப்பிட்டாலே உங்கள் திட்டத்துக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிடும்.

பாலா_வாசகன்

எஸ்இஎம் (வருடும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) என்று ஒன்று உண்டே, உருண்டையாக அழகாகக் காட்டுமே. அதில் இதெல்லாம் தெரியாதா?

கண்ணாடிக்கத்தி

அது மேற்பரப்பு மட்டும் காட்டும் தம்பி. ஈஸ்ட்டுக்கு அதுவும் நல்ல விஷயம்தான். மொட்டு பிரிஞ்ச இடத்துல கைட்டின் வளையமா ஒரு தழும்பு நிக்கும், அது மறையவே மறையாது. ஒரு தாய்ச்செல் எத்தனை மொட்டு விட்டிருக்குன்னு தழும்பை எண்ணியே சொல்லலாம். ஒற்றைமயச் செல்லா இருந்தா தழும்பெல்லாம் பக்கத்துப் பக்கத்துல, இரட்டைமயமா இருந்தா ரெண்டு முனையிலயும் இருக்கும். காத்துல காயவிட்டா மட்டும் செல் சுருங்கிப் போகும். எத்தனாலுக்கு அப்புறம் நீர்ம கார்பன் டைஆக்சைடுல 31 டிகிரியைத் தாண்டி உலர்த்தி, தங்கம் பூசணும்.

நிலா_நுண்ணுயிரி

வழிகாட்டியிடம் பேசினேன். ஒத்துக்கொண்டார். குளுக்கோஸில் ஒன்று, கிளிசராலில் ஒன்று என இரண்டு வளர்ப்பு. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதி பெர்மாங்கனேட், மறு பாதி பெரியோடேட் போட்டு ஆஸ்மியம். ரெசின் ஸ்பர். செல்லைக் கழுவாமல் ஊடகத்திலேயே நேராக குளூட்டரால்டிஹைடு சேர்க்கலாமா? கழுவும்போது பட்டினி ஆகிவிடுமோ என்று ஓசுமியின் வேலையைப் படித்த பிறகு தோன்றுகிறது.

மேகலை

நல்ல கேள்வி. ஆமாம், நேராகவே சேருங்கள். இருமடங்கு செறிவில் தயாரித்து, வளர்ப்புக்குச் சம அளவு ஊற்றி, சில நிமிடங்கள் கழித்து மையவிலக்கில் இறக்கி, புதிய குளூட்டரால்டிஹைடில் மறுபடி வையுங்கள். ஊடகத்தின் அமினோ அமிலங்கள் கொஞ்சம் குளூட்டரால்டிஹைடைத் தின்றுவிடும். அதனால்தான் மறுபடி.

கண்ணாடிக்கத்தி

இன்னும் சில விஷயம். நிலைநிறுத்தின பிறகு செல்லை 2 சதவீத அகரோஸில் கலந்து, இறுகினதும் 1 மில்லிமீட்டர் துண்டா வெட்டிக்கோங்க. இல்லேன்னா ஒவ்வொரு கழுவலிலும் பாதி செல் போயிடும். பெர்மாங்கனேட்டுக்கு அப்புறம் தண்ணி நிறமே இல்லாம வர்ற வரைக்கும் கழுவுங்க. மிச்சம் இருந்தா எத்தனாலோட வினை புரிஞ்சு பழுப்பு மாங்கனீசு படிவு வரும், அது படத்துல கறுப்புப் புள்ளியா கெடுக்கும். லெட் சிட்ரேட் போடும்போது பக்கத்துல சோடியம் ஹைட்ராக்சைடு வில்லை வெச்சு மூடுங்க. மூச்சுல வர்ற கார்பன் டைஆக்சைடு பட்டாலே வெள்ளைப் படிவு விழும். செக்‌ஷன் தண்ணியில மிதக்கும்போது வெள்ளி நிறம் இருந்தா அளவு சரி. பொன்னிறம் ஆழமா வந்தா தடிமன் அதிகம்.

ஆஸ்மியத்தைப் புகைபோக்கி அறையை விட்டு வெளியே எடுக்காதீங்க. அதோட ஆவி கண்ணோட மேற்படலத்தையே பாதிக்கும். மிச்சத்தைச் சோள எண்ணெயில ஊத்திக் கறுக்கவிட்டு, தனிக் கழிவா குடுங்க. நாலு மாதிரிக்கும் ரெசின் அச்சுக்குள்ளேயே பென்சில்ல எழுதின சீட்டைப் போடுங்க. பேனா எழுத்து எத்தனாலிலும் ரெசினிலும் கரைஞ்சிடும்.